கோல்ஃப் மட்டைக்கு இரண்டு லட்சம்: அழகா, அளவா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 39. திருவொற்றியூர் தேரடி அருகே சொந்த அடுக்குமாடி வீடு. ராஜாஜி சாலையில் ஒரு கப்பல் சரக்கு முகவர் நிறுவனத்தில் துணை மேலாளராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ₹96,000. வீட்டுக் கடன் தவணை ₹31,000, வீட்டுச் செலவு ₹38,000, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் ₹9,000, எஸ்ஐபி (மாதாந்திர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) ₹5,000, இருபது மாத ஏலச் சீட்டு ஒன்றுக்கு ₹5,000. அந்த ₹1 லட்சம் சீட்டில் ஏழு மாதம் முடிந்திருக்கிறது. வங்கி வைப்பில் ₹1,10,000 இருக்கிறது. ஐந்து மாதத்தில் வரும் தீபாவளிக்கு ₹60,000 போனஸ் கிடைக்கும்.

எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கோல்ஃப் பிரியர்கள். அவர்களோடு ஆட மேலாளர் என்னையும் நந்தனத்துக்கு அழைத்துப் போகிறார். ஓர் ஆண்டாக மாதம் இரண்டு முறை ஆடுகிறேன். மட்டை இரவல்தான். மைதானக் கட்டணத்தை இப்போதைக்கு மேலாளரே பார்த்துக்கொள்கிறார். இனி சொந்தமாக வாங்கலாம் என்று நினைக்கிறேன். மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடையில் பார்த்த ₹2,16,000 செட்: மெல்லிய, பளபளப்பான அயர்ன்கள் (இரும்புத் தலை மட்டைகள்), பார்த்ததும் மனம் போய்விட்டது, வட்டியில்லாமல் மாதம் ₹12,000 வீதம் 18 தவணை தருகிறார்கள். இரண்டு, அதே கடையில் தொடக்க நிலை ஆட்டக்காரர்களுக்கான 11 மட்டை செட், ₹58,000. மூன்று, சக ஊழியர் பயன்படுத்திய நல்ல செட், ₹42,000. அவர் ஆறடி உயரம், பலசாலி. நான் ஐந்தடி ஐந்து அங்குலம். அழகு, அளவு, ஆட்டத்திறன், விலை ஆகியவற்றில் எதை முன்னால் வைப்பது? சீட்டை இப்போதே ₹22,000 தள்ளி எடுத்துவிடலாமா? அலுவலகத் தேவைதானே, வருமான வரியில் கழிக்க முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு உண்டு. அதற்கு மேல் விளையாட்டுப் பொருளுக்கென்று எந்தக் கழிவும் கிடையாது.

இனி உங்கள் கணக்கு. ₹96,000-இல் கட்டாயச் செலவும் சேமிப்பும் போக மிச்சம் ₹8,000. கடைக்காரர் கேட்பது மாதம் ₹12,000. முதல் செட்டைப் பற்றிய பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மனம் அங்கே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஏன் வேண்டாம் என்று விளக்காமல் விட்டால் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு அதை வாங்குவீர்கள். இப்படிச் செய்தவர்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் நிறைய உண்டு.

நீங்கள் கேட்ட நான்கில் அளவுதான் முதலில் வர வேண்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சட்டை எடுக்கும்போது, துணி எவ்வளவு பிடித்திருந்தாலும் தோளில் வைத்துப் பார்க்காமல் பில் போடச் சொல்ல மாட்டீர்கள். மட்டைக்கும் அந்தச் சோதனை உண்டு, ஆனால் பலரும் கேட்பதில்லை. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டிலிருந்து தரை வரை எவ்வளவு என்று அளப்பார்கள். உயரத்தோடு இந்த அளவையும் வைத்துத்தான் தண்டின் நீளத்தைத் தொடக்கமாக முடிவு செய்வார்கள்.

அடுத்தது, பந்தை அடிக்கும் நொடியில் மட்டையின் தலை தரையில் எப்படிப் படுகிறது என்பது. அடிப்பாகத்தில் ஒரு டேப் ஒட்டி, கடினமான பலகையின் மேல் சில அடிகள் அடிக்கச் சொல்வார்கள். தேய்ந்த தடம் தண்டுப் பக்கமாக இருந்தால் மட்டை உங்களுக்கு அதிகம் நிமிர்ந்து நிற்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். நுனிப் பக்கமாக இருந்தால் அதற்கு நேர்மாறு. இது தெரியாமல் ஆடுபவர் தன் வீச்சில்தான் குறை என்று நினைத்து அதை மாற்றத் தொடங்குவார். அதற்கான பயிற்சிக் கட்டணம் மட்டையின் விலையில் சேராது, ஆனால் உங்கள் பணப்பையிலிருந்துதான் போகும்.

தண்டின் விறைப்பும் அளவில் சேர்ந்ததுதான். டிரைவரை, அதாவது பந்தை மிக அதிக தூரம் அனுப்பும் நீண்ட மட்டையை, மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வீசுபவருக்கு ரெகுலர் என்ற வகை பொதுவாகச் சரிப்படும். அதைவிட வேகமாக வீசுபவருக்குத்தான் ஸ்டிஃப் என்ற விறைப்பான வகை. இந்தப் பெயர்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வரையறை எதுவும் இல்லை என்பதால், ஒருவரின் ரெகுலர் இன்னொருவரின் ஸ்டிஃப் போல இருக்கலாம். ஆகவே தண்டில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்க்காமல் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்த இடத்தில் சக ஊழியரின் ₹42,000 செட் அடிபடுகிறது. ஆறடி உயரமுள்ள பலசாலியின் தண்டு உங்களுக்கு நீளமாகவும் விறைப்பாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். வெட்டிக் குட்டையாக்கினால் இன்னும் விறைக்கும். தலையின் கனமும் கைக்குக் குறைந்தது போலத் தெரியும். ஒவ்வொரு அயர்னுக்கும் தண்டு மாற்றத் தொடங்கினால் மலிவு என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். நண்பரிடம் வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். உயரத்தைக் காரணமாகச் சொல்லுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

பழைய செட்டே ஆகாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் உயரமுள்ள ஒருவர் விற்றால் தாராளமாக வாங்குங்கள். இதைத் தயங்காமல் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதன் முகம் பந்தை இவ்வளவுக்கு மேல் துள்ளவிடக் கூடாது என்று விதிமுறை அமைப்புகளான ஆர் அண்ட் ஏ-யும் யுஎஸ்ஜிஏ-யும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே உச்சவரம்பு வைத்துவிட்டன. பெரிய நிறுவனங்கள் அந்த வரம்பை எட்டிப் பல காலமாகிறது. அதன் பிறகு வந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி, பந்து மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் அதிகம் விலகாமல் காப்பதில்தான். ஆகவே ‘இந்த ஆண்டு மாடல்’ என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

அயர்னில் இன்னொரு சாமர்த்தியம் நடக்கிறது. முன்பெல்லாம் 7-ஆம் எண் அயர்னின் முகச் சாய்வு 34, 35 டிகிரி இருக்கும். இன்று பல செட்டுகளில் அதே எண்ணுக்கு 30 டிகிரி அல்லது அதற்கும் குறைவு. எண் குறையக் குறையச் சாய்வும் குறையும்; சாய்வு குறைந்தால் பந்து தூரம் போகும். ‘எங்கள் 7 எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்’ என்று காட்டுபவர் கையில் இருப்பது, எண்ணை மாற்றி எழுதிய பழைய 6 ஆகவும் இருக்கலாம். இரண்டு செட்டை ஒப்பிடும்போது எண்ணை விட்டுவிட்டுச் சாய்வைக் கேளுங்கள்.

உங்கள் மனத்தைக் கவர்ந்த அந்த மெல்லிய அயர்ன்கள் தேர்ந்த ஆட்டக்காரருக்கானவை. எடை முழுவதும் நடுப்பகுதிக்குப் பின்னால் திரண்டிருக்கும். பந்து நடுவில் பட்டால் கைக்கு அற்புதமான உணர்வு; கொஞ்சம் தள்ளிப் பட்டால் தூரமும் திசையும் போய்விடும். பின்புறம் குழிந்த அயர்ன்களில் எடை ஓரங்களுக்குப் பரப்பப்பட்டிருக்கும். இந்த யோசனையை ஆட்டத்துக்குள் பெரிதாகக் கொண்டுவந்தவர் கார்ஸ்டன் சோல்ஹெய்ம் என்ற பொறியாளர். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்துக்கொண்டே 1959-இல் தன் முதல் பட்டரை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையை, செய்தார். அதுதான் பிங் என்ற கோல்ஃப் மட்டை நிறுவனமாக வளர்ந்தது. மாதம் இரண்டு முறை ஆடும் உங்களுக்கு இந்தக் குழிந்த வகைதான் தோழன். அது கொஞ்சம் தடித்துத் தெரியும், கடை வெளிச்சத்தில் எடுபடாது.

அழகு வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. கையில் எடுக்கவே பிடிக்காத மட்டையை யாரும் பயிற்சிக்கு எடுத்துப் போக மாட்டார்கள். ஓர் இடத்தில் அழகுக்குத் தாராளமாகவே செலவழிக்கலாம். அது பட்டர். பந்தை 72 முறை அடித்து ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்த மைதானத்தில், அதில் 36 முறை பட்டருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. குனிந்து பார்த்துக் குறி வைக்கும் மட்டை என்பதால் அதன் வடிவமும் கோடும் கண்ணுக்குப் பொருந்த வேண்டும். செட்டோடு வரும் பட்டர் பிடிக்காவிட்டால் பிறகு நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆசையை நான் தடுக்க மாட்டேன்.

திருவொற்றியூர்க்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். கடலோரம் இருப்பவருக்கு உப்புக் காற்று சும்மா விடாது. பூச்சு இல்லாத இரும்பு வெட்ஜ்கள் (குறைந்த தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்கும் மட்டைகள்) பார்க்க அழகு, ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். குரோம் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஆடி முடித்ததும் துடைத்து வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டு வைக்கவும் வேண்டாம். தலையைத் தண்டோடு பிடித்திருக்கும் பசை அந்தச் சூட்டில் தளரக்கூடும்.

மீண்டும் பணத்துக்கு வருகிறேன். மாதம் இரண்டு ஆட்டம் என்றால் மூன்று ஆண்டில் 72 ஆட்டம். ₹2,16,000 செட்டுக்கு ஓர் ஆட்டத்துக்கு ₹3,000 ஆகிறது. பாதி விலைக்கு விற்க முடிந்தாலும் ₹1,500. ₹58,000 செட்டை மூன்று ஆண்டு கழித்து ₹20,000-க்குத் தள்ளிவிட்டால் ஆட்டத்துக்கு ₹530-க்குள் முடிந்துவிடும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்பதையும் பிரித்துப் பாருங்கள். வட்டி உண்டு, அது விலைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ₹12,000 வீதம் 18 தவணையின் இன்றைய மதிப்பு சுமார் ₹1,92,000. மீதி ₹24,000 வட்டி. கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது ₹4,200-க்கு மேல், உங்கள் கார்டில் தனியாக ஏறும். செயலாக்கக் கட்டணம் வேறு. எந்தப் பொருளாக இருந்தாலும் தவணை பேசுவதற்கு முன் ‘ரொக்கத்துக்கு என்ன விலை?’ என்று கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ‘இல்லாத’ வட்டி.

சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டாம். ₹22,000 விட்டுக்கொடுத்து ₹78,000 வாங்கினாலும் மீதி 13 மாதமும் கட்டியே ஆக வேண்டும். அவசர மருத்துவச் செலவுக்கென்றால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். கடைசி வரை பொறுத்தால் சீட்டு நடத்துபவரின் கழிவு போக மீதி முழுத் தொகையும் கிடைக்கும். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி அந்தக் கழிவு 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்று கடிதத்தில் இல்லை. தெருவில் தெரிந்தவர் நடத்துகிறார் என்றால், மட்டையைப் பற்றிக் கவலைப்படும் முன் அதைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

உங்கள் கட்டாயச் செலவு மாதம் ₹78,000. கையிருப்பு ₹1,10,000 ஒன்றரை மாதத்துக்குக்கூடக் காணாது. மிச்சமுள்ள ₹8,000-ஐச் சரிபாதியாகப் பிரித்து, ₹4,000 அவசர நிதிக்கும் ₹4,000 மட்டைக்கும் ஒதுக்குங்கள். போனஸையும் அப்படியே பாதி பாதி. தீபாவளியன்று மட்டைக் கணக்கில் ₹50,000 இருக்கும். அதற்குள் ஒரு நாள் உங்கள் பயிற்சியாளரிடமோ மட்டை பொருத்தும் நிபுணரிடமோ கட்டணம் கொடுத்தாவது அளவு எடுத்துத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவரே அளவும் எடுத்தால், கடையில் இருக்கும் சரக்குதான் உங்கள் அளவாகிவிடும். அந்தத் தாளோடு போய் இரண்டாவது செட்டுக்கு ரொக்க விலை பேசுங்கள். ₹50,000-க்கு இறங்காவிட்டால் பொங்கல் வரை பொறுங்கள். விதிப்படி பையில் 14 மட்டை வரை வைக்கலாம், குறைந்தபட்சம் இத்தனை என்று எதுவும் இல்லை. ஏழெட்டு மட்டையோடு நன்றாகவே ஆடலாம். இணையத்தில் நம்ப முடியாத விலைக்குப் புது செட் கண்ணில் பட்டால் நம்பாதீர்கள். கோல்ஃப் மட்டைகளில் போலிகள் ஏராளம்.

மேலாளரிடமும் ஒன்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரவல் மட்டையோடு வரும்வரை நீங்கள் விருந்தாளி. சொந்தப் பையோடு வந்தால் மைதானக் கட்டணம், மட்டைப் பை சுமக்கும் உதவியாளரான கேடிக்குக் கொடுப்பது, தண்ணீரில் விழும் பந்துகள் எல்லாம் உங்கள் தலையில் விழலாம். வாடிக்கையாளருக்காக ஆடும் ஆட்டத்தின் செலவை நிறுவனம் ஏற்கும் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். மறுத்தால் மாதம் எத்தனை ஆட்டம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், அவர் அல்ல.

கடிதத்தில் ஆயுள் காப்பீடு பற்றி ஒரு வரிகூட இல்லை. வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள், ஒரே சம்பளம் என்றுதான் தெரிகிறது. டெர்ம் பாலிசி இல்லையென்றால், தீபாவளி வரை காத்திருக்காமல் மட்டைக்கென்று ஒதுக்கிய முதல் ₹4,000-ஐ அதற்குத் திருப்பிவிடுங்கள். இருந்தால் தொகையையும் கடன் பாக்கியையும் எழுதுங்கள். போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.