கூடைப்பந்து கேள்வி – பதில்: இண்டியானா தோற்ற பிறகு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் ஆடும் இண்டியானா பேசர்ஸ் அணியின் ரசிகர் என்று நீங்கள் பலமுறை எழுதியிருக்கிறீர்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் அந்த அணியின் நட்சத்திரம் டைரிஸ் ஹாலிபர்ட்டன் காயமடையாமல் இருந்திருந்தால் கோப்பை யாருக்குப் போயிருக்கும்?
— வாசகர், திருச்சி

ஓக்லஹோமா நகரில் 2025 ஜூன் 22, ஞாயிறு இரவு தொடங்கிய அந்த ஆட்டம், நமக்குத் திங்கட்கிழமை அதிகாலை 5.30 மணி ஆட்டம். முதல் சில நிமிடங்களிலேயே ஹாலிபர்ட்டன் மூன்று மூன்று-புள்ளி எறிகளை வளையத்துக்குள் போட்டு 9 புள்ளிகளைச் சேர்த்திருந்தார். முதல் கால்பகுதியில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் மீதமிருந்தபோது, பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறக் காலை ஊன்றியவர், எவரும் இடித்துத் தள்ளாமலேயே தரையில் விழுந்தார். விழுந்த இடத்திலேயே உள்ளங்கையால் தரையை ஓங்கி ஓங்கி அறைந்ததைப் பார்த்தவுடன், இது சுளுக்கு அன்று, வலது குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லாமலே தெரிந்துவிட்டது. வாசலில் பால்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போக மனம் வரவில்லை.

அவர் இல்லாமலேயே இடைவேளையில் இண்டியானா 48–47 என்று முன்னிலையில் இருந்ததுதான் உங்கள் கேள்வியை இவ்வளவு நாள் உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் மூன்றாவது கால்பகுதியில் தண்டர் அணி 34 புள்ளிகளை எடுக்க, இண்டியானாவால் 20 மட்டுமே எடுக்க முடிந்தது. அந்த 20இலும் 12 புள்ளிகள் மாற்று ஆட்டக்காரர் டி.ஜே. மெக்கானல் ஒருவரே எடுத்தவை. 103–91 என்ற முடிவு அந்தப் பன்னிரண்டு நிமிடங்களிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஹாலிபர்ட்டன் களத்தில் இருந்திருந்தால் பந்தை அத்தனை முறை பறிகொடுத்திருக்க மாட்டோம் என்பது என் கணிப்பு. ஆயினும் வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்களில் 68ஐ வென்ற அணியை, அதன் சொந்த அரங்கில், கடைசி ஆட்டத்தில் வீழ்த்தியிருப்போம் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரிபாதி வாய்ப்பு என்பேன். ‘கோப்பை நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது’ என்று புலம்பும் சக ரசிகர்களோடு நான் சேரவில்லை. அன்று 29 புள்ளிகளும் 12 அசிஸ்டுகளும் (தோழர் கூடை போட வழிசெய்த பந்துக் கொடுப்புகள்) தந்த தண்டரின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் யாருடைய காயத்தாலும் பெரிய ஆட்டக்காரர் ஆனவர் அல்லர்.

ஐந்தாவது ஆட்டத்திலேயே ஹாலிபர்ட்டனுக்குக் கெண்டைக்கால் தசையில் காயம் பட்டிருந்தது. அப்படியிருந்தும் அவரை இறக்கியது தவறில்லையா?
— வாசகி, மதுரை

கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருப்பதே இந்தத் தசைநாண் என்பதால், உங்கள் சந்தேகம் இயல்பானது. 2019 இறுதிச் சுற்றில் கெவின் டுராண்ட் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பிவந்த அன்றே அவருக்கும் இதே தசைநாண் அறுந்தது என்பது எவருக்கும் மறந்திருக்காது. ஆறாவது ஆட்டத்துக்கு முன், இவரை உட்கார வைக்க வேண்டும் என்றே நான் நண்பர்களிடம் வாதாடினேன். அவர் ஆடினார், இண்டியானா 108–91 என்று வென்றது, என் வாதம் அன்றிரவே செத்துப்போயிற்று. ஏழாவது ஆட்டத்துக்கு முன் நான் அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. ஆகவே அணி நிர்வாகத்தைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை. மறுபடியும் அதே நிலை வந்தால் மறுபடியும் ஆடுவேன் என்று அவரே பின்னர் எழுதினார். ஆட்டம் முடிந்தபின் ஊன்றுகோல்களோடு நின்று, தோற்றுத் திரும்பிய தோழர்களை வரவேற்றவரும் அவர்தாம்.

2024 டிசம்பரில் இண்டியானாவைப் பற்றி ‘இந்த அணி தேறாது’ என்று எழுதினீர்கள். இப்போது என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், ஈரோடு

பழைய இதழை எடுத்துவைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் போலும். எழுதியது உண்மை. அப்போது அணி 25 ஆட்டங்களில் 15ஐத் தோற்றிருந்தது. அதன் பிறகு எஞ்சிய 57இல் 40ஐ வென்று, 50 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. நான் மட்டும் ஏமாறவில்லை என்பதில் ஒரு சிறு ஆறுதல்: பெயர் வெளியிடாமல் ஆட்டக்காரர்களிடமே நடத்திய ஒரு வாக்கெடுப்பில், தகுதிக்கு மீறிப் புகழப்படுபவர் என்று மிகுதியான வாக்குகளை, அதாவது 14.4 சதவீதத்தை, பெற்றவர் ஹாலிபர்ட்டன்.

அதற்குப் பிறகு பிளே ஆஃபில், அதாவது வழக்கமான பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், நடந்ததைத்தான் நான் முதுமையிலும் நினைத்துக்கொண்டிருப்பேன். மில்வாக்கிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 40 விநாடிகளே இருக்க 7 புள்ளிகள் பின்தங்கியிருந்து வென்றார்கள். கிளீவ்லாந்திலும் கடைசி ஒரு நிமிடத்துக்குள் 7 புள்ளிகளைத் துரத்தி வென்றார்கள். நியூயார்க்கில், மூன்று நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது 14 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணிக்கு ஆரன் நெஸ்மித் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று-புள்ளி எறிகளைப் போட்டு உயிர்கொடுத்தார். கடைசி எறி ஹாலிபர்ட்டனுடையது. பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு, பலகையின் உயரத்துக்கு நேராக எழும்பி, அங்கே சற்று நின்று யோசித்துவிட்டு வருவதுபோல இறங்கி, வலைக்குள் விழுந்தது. வென்றுவிட்டோம் என்று எண்ணி, எதிரணிக்கு மூச்சுத் திணறுகிறது என்பதுபோல அவர் தன் கழுத்தையே பிடித்துக் காட்டினார். 1994இல் அதே அரங்கில் ரெஜி மில்லர் காட்டிய சைகை அது, அந்த மில்லரும் அன்று வர்ணனையாளராக அங்கேயே அமர்ந்திருந்தார். ஆனால் கால்விரல் மூன்று-புள்ளிக் கோட்டின்மேல் இருந்ததால் அது இரண்டு புள்ளிதான், ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 138–135 என்று வென்றதால் அந்தச் சைகையின் மானம் தப்பியது. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலோ, 0.3 விநாடி மீதமிருக்கையில் அவர் போட்ட கூடைதான் இண்டியானாவுக்கு அந்த ஆட்டத்தில் கிடைத்த முதல் முன்னிலை, 111–110.

இறுதிச் சுற்றில் மோதிய இரு அணிகளும் ஒரே ஆட்டக்காரரால் உருவானவை என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பெரும்பகுதி உண்மை. 2017இல் இண்டியானா தன் நட்சத்திரம் பால் ஜார்ஜை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து விக்டர் ஓலடிப்போவையும் டொமான்டஸ் சபோனிஸையும் வாங்கிக்கொண்டது. 2022இல் அந்தச் சபோனிஸை சாக்ரமென்டோவுக்கு அனுப்பித்தான் ஹாலிபர்ட்டனைப் பெற்றது. ஓக்லஹோமா 2019இல் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, அலெக்சாண்டரோடு பல ஆண்டுகளுக்கான புதுமுக ஆட்டக்காரர் தேர்வு உரிமைகளையும் வாங்கியது. அவற்றில் ஒன்றைக் கொண்டு எடுக்கப்பட்டவர்தாம் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்த ஜேலன் வில்லியம்ஸ். 2017இல் ஜார்ஜ் போனபோது இண்டியானா ஏமாந்துவிட்டது என்று கொதித்தவர்களில் நானும் ஒருவன்.

மைல்ஸ் டர்னர் போய்விட்டாரே?
— வாசகர், சேலம்

பத்துப் பருவங்கள் ஒரே அணிக்காக ஆடியவர், அதுவும் மில்வாக்கிக்கே போனதுதான் கசக்கிறது. ஹாலிபர்ட்டன் 2025–26 பருவம் முழுவதும் ஆடமாட்டார் என்று அணியும் அறிவித்தது. அணியில் எஞ்சிய நெம்ஹார்டும் சியாக்கமும் சுமக்க வேண்டிய ஆண்டு அது. அந்த ஆண்டின் பிளே ஆஃபை எதிர்பார்த்து நான் விடுப்பு எதுவும் சேர்த்துவைக்கவில்லை.

0 என்ற சட்டை எண் ராசியில்லாததா?
— பள்ளி மாணவி, நாகர்கோவில்

2025இன் ஒரே பிளே ஆஃபில் டேமியன் லில்லர்ட், ஜேசன் டேட்டம், ஹாலிபர்ட்டன் என மூவருக்குக் குதிகால் தசைநாண் அறுந்ததும், மூவருமே 0 அணிந்தவர்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு கோப்பையை வென்ற அதே ஓக்லஹோமா அணியில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 0 அணிந்து பதினோரு பருவங்கள் ஆடினார். அவருக்கு அந்தத் தசைநாண் அறுந்ததில்லை. உங்கள் பள்ளி அணியில் அந்த எண் காலியாக இருந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.