தடைக்காலத்தில் வாடகையைக் கூட்டலாமா?

கேள்வி: ராமேஸ்வரத்தில் எங்கள் மாடி வீட்டில் ஆறு வருடமாக ஒரு விசைப்படகு டிரைவர் குடும்பத்தோடு குடியிருக்கிறார். வாடகை 4,500 ரூபாய். பாக்கி வைத்ததே இல்லை. இப்போது எங்கள் தெருவில் 7,000 போகிறது. மே மாதத்திலிருந்து 7,000 கேட்கலாமா? அட்வான்ஸை 20,000த்திலிருந்து 50,000 ஆக்கி, மொட்டை மாடியில் கருவாடு காயப்போடக் கூடாது என்றும் எழுதி வாங்க நினைக்கிறேன். ஆனால் அவர்களை விட மனமில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: போயும் போயும் மே மாதத்தையா பிடித்தீர்கள், டீச்சர்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் 2,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டால், ஆறு வருடப் பழக்கமும் ஒரே நாளில் கசந்துபோகும்.

கூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆறு வருடம் ஏற்றாமல் இருந்தது உங்கள் பெருந்தன்மை. அதையெல்லாம் ஒரே மாதத்தில் வசூலிக்கப் பார்ப்பதுதான் தப்பு. கணக்கைப் பாருங்கள். 5,500 என்று பேசி முடித்தால் வருடத்துக்கு 66,000. 7,000 கேட்டு அவர்கள் காலி செய்து, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் கையில் வருவது 70,000. அதில் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போனால் மிச்சம் 63,000. வெள்ளையடிப்புச் செலவு தனி. உப்புக்காற்றில் பூட்டிய வீடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கிரில் கேட்டைத் தொட்டால் துரு உதிரும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகையை உயர்த்த மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, அதன் காலம் முடியும் முன் நடுவில் ஏற்றவும் முடியாது. வாய்ப்பேச்சிலேயே ஓட்டியிருந்தால் இப்போதாவது எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதில் வருடத்துக்கு 5 சதவீதம் என்று ஒரு வரி இருந்தால் இனி இந்தப் பேச்சே வராது.

ஜூன் கடைசியில், படகு கடலுக்குப் போய் நாலு தடவை மீன்பாடு கண்ட பிறகு, நேரில் போய்ப் பேசிவிட்டுக் கடிதத்தைக் கொடுங்கள். அக்டோபர் வாடகையிலிருந்து புதுத் தொகை. அதற்குள் அவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்த ஏதாவது ஒரு ரிப்பேரை முடித்துக் கொடுங்கள். ஒழுகும் பாத்ரூம் குழாயோ, மூடாத ஜன்னலோ, எதுவாவது இருக்கும்!

அட்வான்ஸைத் தொடாதீர்கள். சட்டம் பொதுவாகச் சொல்வது மூன்று மாத வாடகை. 5,500 என்றால் 16,500. உங்களிடம் இருப்பதே அதிகம்.

கருவாடு? விற்பனைக்குக் காயப்போட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்கு நாலு நெத்திலி என்றால் விட்டுவிடுங்கள். தளத்தில் பரப்பாமல் கட்டிலில் வலை விரித்துப் போடச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் இறங்கினால் தளத்துக் கம்பி துருவேறிக் காரை பெயரும் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதைப் படகு ஓட்டுகிறவருக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.