தண்ணி கலந்த டீசலுக்குப் பிறகு ஸ்லோவில நடுங்கிற லொறி

டீசல் பம்பை இப்ப கழட்டாதேங்கோ. பெரல் டீசலில தண்ணி வந்து, டாங்கியும் கழுவி பில்டரும் மாத்தின பிறகு ஸ்லோவில மட்டும் நடுங்குது, ரேஸ் குடுத்தால் சமாளிக்குது எண்டால், அநேகமா ஒரு இன்ஜெக்டர் நொசில்தான் (சிலிண்டருக்குள்ள டீசலைத் தூவிற முனை) பிழை. நொசில் ஊசிக்கும் கூட்டுக்கும் இடைவெளி சில மைக்ரோன்தான். அதுக்கு வழுக்கலே டீசல். தண்ணி போனால் ஊசி கீறுப்படும், துரு பிடிச்சு ஒட்டும்.

முதல்ல டீசல் லைனில காத்து இருக்கோ எண்டு பாருங்கோ, செலவில்லாத வேலை. பில்டருக்கும் பம்புக்கும் இடையில உள்ளே தெரியிற ஹோஸ் ஒரு துண்டு போட்டு ஓட விடுங்கோ. குமிழி வந்தால் பில்டர் றபர், கிளிப் பார்த்து, கைப்பம்ப் அடிச்சுக் காத்தை எடுங்கோ.

குமிழி இல்லையோ, ஸ்லோவில ஓட விட்டு இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொண்டாக் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்குங்கோ. தளர்த்தேக்க நடுக்கம் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யுது. மாற்றமே இல்லாததுதான் உங்கட ஆள். அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டரோட இடம் மாத்திப் பூட்டுங்கோ. பிழையும் கூடவே போனால் நொசில். பழைய இடத்திலயே நிண்டால்தான் பம்ப், கொம்பிரஷன் பக்கம் யோசிக்க வேணும். பூட்டேக்க செப்பு வொஷர் புதுசு போடுங்கோ, பழசு கசியும்.

இதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் லொறிக்கு மட்டும். கொமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அமுக்கக் குழாயில இருந்து டீசல் போற, கொம்பியூட்டர் இஞ்சின்) எண்டால் இஞ்சின் ஓடேக்க நட்டில கை வைக்கவே கூடாது: ஸ்லோவிலயே சில நூறு பார் அமுக்கம், டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும். அதுக்கு ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்கலாம்.

டிப்ஸ்டிக்கையும் ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. ஓயில் மட்டம் ஏறி, டீசல் மணத்தால் டீசல் ஓயிலுக்குள்ள இறங்கியிருக்குது, ஓயில் மாத்தாமல் ஓடாதேங்கோ.