13 பேருக்கு சிங்கப்பூரில் தங்க இடம்: செந்தோசாவா, லிட்டில் இந்தியாவா?

கேள்வி: வணக்கம் சேர். எங்கள் ஊர் இலங்கை மலையகத்தில் தலவாக்கலை. டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போய் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பார்க்கைக் காட்டுகிறோம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். நானும் மனைவியும், தம்பி குடும்பம், தங்கச்சி குடும்பம், என் அம்மா (72), மாமனார், மாமியார் என்று மொத்தம் 13 பேர். அதில் பிள்ளைகள் நாலு பேர். என் மகளுக்கு 14, மகனுக்கு 9. தம்பி மகனுக்கு 6, தங்கச்சி மகளுக்கு 3. நாலு இரவு தங்குவோம். மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். அந்தப் பார்க் இருக்கிற செந்தோசா தீவில், பார்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு ஹோட்டல், ஓர் அறை இரவுக்கு 420 சிங்கப்பூர் டாலர். லிட்டில் இந்தியாவில் ஒரு ஹோட்டல், 140 டாலர். இரண்டிலும் விலைக்குப் பின்னால் ++ என்று போட்டிருக்கிறது. மூன்றாவது, முகநூலில் பார்த்த நாலு அறை அபார்ட்மெண்ட். சமையலறையோடு முழு வீடும் இரவுக்கு 380 டாலர். எனக்குப் பிடித்தது அதுதான். தம்பி செந்தோசாதான் வேண்டும் என்கிறான், கடனட்டையில் போட்டுவிட்டுப் பிறகு கட்டலாமாம். அம்மாவோ, தோட்டத்தில் வேலை செய்து கிடைத்த ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு வங்கியில் சும்மாதானே கிடக்கிறது, அதை எடுங்கள் என்கிறார். எது சரி?

பதில்: அபார்ட்மெண்டை முதலில் விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஏன் அது பிடித்தது என்று புரிகிறது. ஏப்ரல் சீசனில் கொழும்புக் குடும்பங்கள் நுவரெலியாவுக்கு வந்து முழு பங்களாவையும் எடுத்து, பத்து இருபது பேராகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவதை வருடா வருடம் பார்க்கிறவர் நீங்கள். தலைக்கணக்கில் பார்த்தால் அதைவிட மலிவு வேறில்லை. ஆனால் சிங்கப்பூரில் அது சட்டப்படி நடக்காது. அங்கே தனியார் வீடு எதையும் மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. அரசு அடுக்குமாடி வீடு என்றால் குறைந்தது ஆறு மாதம், அதுவும் சுற்றுலாவுக்கு வந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. மீறி விடுகிறவருக்கு 2 இலட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் போகலாம். அபராதம் அவருக்குத்தான். ஆனால் கேட்டில் காவலாளி மறித்தால் பெட்டிகளோடும் தூங்கி விழுகிற பிள்ளைகளோடும் தெருவில் நிற்பது நீங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கணக்குக்கு அனுப்பச் சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். சட்டத்துக்கு வெளியே கொடுத்த காசை எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பீர்கள்?

சமையலறை இருந்தே ஆக வேண்டும் என்றால் சட்டப்படி இருப்பது சர்வீஸ் அபார்ட்மெண்ட், அதாவது ஹோட்டல் போலப் பராமரித்து வாடகைக்கு விடுகிற வீடு. அதிலும் பொதுவாகக் குறைந்தது ஏழு இரவு. ஹோட்டல் உரிமம் பெற்ற சில இடங்கள் மட்டும் நாள்கணக்கில் தரும். உங்கள் நாலு இரவுக்கு அந்தத் தேடல் தேவையில்லை.

சரி, இனி இரண்டு ஹோட்டல்கள். அந்த ++ தான் பலரையும் பில் கட்டும்போது திடுக்கிட வைக்கிறது. முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம், இரண்டாவது 9 சதவீத ஜி.எஸ்.டி. வரி. வரியை சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே போடுவார்கள். அதனால் 100 டாலர் என்று கண்ணில் படுவது கையை விட்டுப் போகும்போது 119 டாலர் 90 சதமாகிவிடும். உங்கள் 13 பேருக்கு ஐந்து அறை வேண்டும். ஒரு சிங்கப்பூர் டாலர் 240 இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாலு இரவுக்கு செந்தோசா 10,072 டாலர், அதாவது சுமார் 24 இலட்சத்து 17 ஆயிரம் ரூபாய். லிட்டில் இந்தியா 3,357 டாலர், சுமார் 8 இலட்சத்து 6 ஆயிரம். வித்தியாசம் 16 இலட்சத்துக்கு மேல்.

அந்த 16 இலட்சத்துக்கு என்ன கிடைக்கிறது? பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது ஒன்றுதான். அந்தப் பக்கம் உங்களுக்கு உதவப்போவது நாலைந்து நாளில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளிலும் எல்லோருக்கும் அல்ல. பார்க்கில் மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், பேட்டில்ஸ்டார் கலக்டிகா என்ற இன்னொரு கோஸ்டருக்கு 125. உங்கள் ஆறு வயதுக்காரன் பெரும்பாலும் அந்த அளவுகோலுக்குக் கீழேதான் நிற்பான். மூன்று வயதுப் பிள்ளைக்கு டிக்கெட்டே கிடையாது, நாலு வயதிலிருந்துதான் டிக்கெட். அம்மாவும் மாமனார் மாமியாரும் அந்த வெயிலில், இல்லாவிட்டால் டிசம்பர் மழையில், வரிசையில் நிற்கப் போகிறார்களா? அவர்களுக்குப் பார்க் டிக்கெட்டே எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அறுபது தாண்டியவர்களுக்குத் தனி விலை உண்டு என்று ஆசைப்பட்டு வாங்கி, நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார வைப்பதில் யாருக்கும் புண்ணியமில்லை.

பெரியவர்கள் பார்க்குக்குப் போகவில்லை என்றதும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கே மாறிவிடுகிறது. செந்தோசாவில் தங்கினால் அந்த மூவரும் ஒரு தீவு ஹோட்டலில், விலை கூடிய சாப்பாட்டோடு, டிவி பார்த்துக்கொண்டு இருப்பார்கள். லிட்டில் இந்தியாவில் என்றால் வாசலை விட்டு இறங்கினால் சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, முஸ்தபா சென்டர். வழி கேட்கத் தமிழ் போதும். 1947 முதல் இருக்கிற கோமள விலாஸில் இட்லி, தோசை. ஹோட்டலில் காலைச் சாப்பாட்டை எடுக்காமல் அறையை மட்டும் எடுங்கள். 13 பேரின் நாலு காலைச் சாப்பாட்டை ஹோட்டல் விலைக்குச் சாப்பிடுவதும் தேக்கா உணவுக் கடைகளில் சாப்பிடுவதும் ஒன்றல்ல. மாமியார் ரைஸ் குக்கர் எடுத்து வருவேன் என்றால் அன்பாக மறுத்துவிடுங்கள், ஹோட்டல் அறையில் சமைக்க விடமாட்டார்கள். தேயிலை மட்டும் கொண்டு போங்கள், கெட்டில் அறையிலேயே இருக்கும். வீட்டில் யாருக்காவது வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். மெல்லுகிற புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை.

பார்க்குக்குப் போகிற நாளும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வடகிழக்குப் பாதையில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட், ரயில் மாறத் தேவையில்லை. மேலே ஏறினால் விவோசிட்டி கடைத்தொகுதி. அங்கிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், தலைக்கு 4 டாலர், திரும்பி வரும்போது கட்டணமில்லை. நடக்க முடிந்தவர்களுக்குப் பாலத்து நடைபாதை இலவசம், கூரையும் உண்டு. நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் தள்ளுவண்டிப் பிள்ளைக்கும் பிரச்சினை இல்லை. இரவில் களைத்துப்போய்க் காரில் திரும்பினால் ஒரு விஷயம்: 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு கைபேசிச் செயலியில் அழைக்கிற கிராப் போன்ற வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம், சாதாரண டாக்ஸிக்கு மட்டும் விலக்கு.

இவ்வளவு சொன்னதும் தம்பி கட்டாயம் ஒரு சமரசத்தோடு வருவார்: "அப்படியென்றால் செந்தோசாவில் ஒரே ஒரு இரவு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஹோட்டல் அறை பொதுவாகப் பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும், மறுநாள் 11 மணியை ஒட்டி விட வேண்டும். பார்க் திறப்பது காலை பத்து மணியளவில். பார்க் நாளன்று அறை எடுத்தால், மதியம் பிள்ளை தூங்கி விழுகிற நேரத்தில் அறை கையில் இருக்காது. முந்தின நாளே எடுத்தால், பார்க் நாள் காலையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒரு இரவுக் காசு, ஓய்வு தேவைப்படுகிற நேரத்தில் உதவாது. இதற்காக 13 பேரின் பெட்டிகளைக் கட்டி அவிழ்ப்பது வேறு.

அந்த 3 மணி விதி உண்மையில் உங்களைக் கடிக்கப்போவது முதல் நாள் காலையில். கட்டுநாயக்காவிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிற விமானம் என்றால் விடிந்து ஏழு எட்டு மணிக்கு சிங்கப்பூரில் இறங்குவீர்கள். அதற்கு முன் தலவாக்கலையிலிருந்து வேனில் அத்தனை வளைவும் சுற்றி இறங்கிய களைப்பு. ஒரு இரவு முழுக்கத் தூங்காத 72 வயது அம்மாவை மாலை மூன்று மணிவரை ஹோட்டல் வரவேற்பறை நாற்காலியில் வைத்திருக்க முடியாது. அதனால் ஐந்து அறையில் பெரியவர்களுக்கான இரண்டை மட்டும் முந்தின இரவிலிருந்தே பதியுங்கள். காலையில் வருவோம் என்று ஹோட்டலுக்கு எழுத்தில் சொல்லியும் வையுங்கள், இல்லாவிட்டால் வரவில்லை என்று நினைத்து அறையை விட்டுவிடுவார்கள். லிட்டில் இந்தியா விலையில் இதற்குக் கூடுதலாகச் சுமார் 80,000 ரூபாய். மொத்தப் பயணத்திலும் நான் கொஞ்சமும் யோசிக்காமல் செலவு செய்யச் சொல்கிற காசு இதுதான்.

அறைகளைப் பிரிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 14 வயது மகளைக் "குழந்தை" என்று பதிய முடியாது, பெரும்பாலான ஹோட்டல்களில் 12 வயதோடு அது முடிந்துவிடும். அவள் உங்கள் அம்மாவோடு இரட்டைக் கட்டில் அறையில் தங்கட்டும். தெரியாத இடத்தில் அம்மா இரவில் தனியாக எழுந்து குளியலறைக்குப் போகக் கூடாது. ஒன்பது வயதுக்காரன் மாமனார் மாமியாரோடு. மூன்று வயதும் ஆறு வயதும் அவரவர் பெற்றோரோடு. நீங்களும் மனைவியும் ஓர் அறை. பதியும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? சிங்கப்பூரின் மலிவு ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய, மலைக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு மூச்சு முட்டும். குளிக்கும் இடத்தில் ஏறி இறங்குகிற தொட்டி இருக்கிறதா? பெரியவர்களின் இரண்டு அறைக்கும் தொட்டி இல்லாததாகக் கேளுங்கள்.

பதிவைக் குடும்பம் குடும்பமாகத் தனித்தனியாக, ரத்துச் செய்தால் பணம் திரும்பும் வகையில் செய்யுங்கள். திரும்பாத வகை கொஞ்சம் மலிவாக இருக்கும், அதில் விழ வேண்டாம். காரணம் அம்மாவின் கடவுச்சீட்டு. அவருக்கு அது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். அதைத் திருத்தி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். எல்லோருடைய கடவுச்சீட்டும், ஆறு மாதத்துக்குக் குறையாத செல்லுபடிக் காலத்தோடு, கைக்கு வந்த பிறகுதான் திரும்பி வராத எந்தக் காசையும் கட்ட வேண்டும். இலங்கையர் குறுகிய சுற்றுலாவுக்கு சிங்கப்பூர் விசா எடுக்கத் தேவையில்லை. பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பினால் போதும், அது இலவசம். அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது அம்மாவின் காசு. அரச ஊழியருக்குக் கிடைப்பது போல தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டம் போட்ட 12 சதவீதமும் சேர்ந்த அந்த ஈ.பி.எப். பணமும், கொஞ்சம் ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) பணமும், பணிக்கொடையும்தான் அவருக்கு முதுமை முழுவதற்கும். அது சும்மா கிடக்கவில்லை, நாளை ஒரு கண் சத்திரசிகிச்சைக்கோ முழங்காலுக்கோ காத்துக் கிடக்கிறது. அதில் ஒரு ரூபாயும் எடுக்க வேண்டாம். அவர் மனம் நோகும் என்றால், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் அவர் கையால் வாங்கிக் கொடுக்கட்டும்.

தம்பியின் கடனட்டை யோசனைக்கும் என் பதில் அதேதான். இங்கே கடனட்டை வட்டி வருடத்துக்கு 20 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. 20 என்றே வைத்தாலும், 24 இலட்சத்தை அப்படியே விட்டால் மாதம் 40,000 ரூபாய் வட்டி. மாதா மாதம் முழுதாகக் கட்டுகிற அளவுக்கு மட்டும் அட்டையைப் பாவிக்கலாம். பதிவுத் தளமோ ஹோட்டலோ "இலங்கை ரூபாயில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று சிங்கப்பூர் டாலரையே தெரிவு செய்யுங்கள், அவர்கள் போடுகிற மாற்று வீதம் பொதுவாக உங்கள் வங்கியுடையதைவிட மோசம். 240 ரூபாய் என்ற என் கணக்கையும் முழுதாக நம்பாதீர்கள். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த அமெரிக்க டாலர் சில மாதத்துக்குள் 360 ஐத் தொட்டதை நாம் பார்த்தவர்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் சண்டை வரும், அறைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். நாலு இரவுக்கு ஓர் அறை 1 இலட்சத்து 61 ஆயிரம் ரூபாய். அம்மாவின் அறை நீங்கள், தம்பி, தங்கச்சி மூவருக்கும் பொது, ஆளுக்குச் சுமார் 54,000. மாமனார் மாமியார் அறை உங்கள் கணக்கு. அதைத் தம்பி, தங்கச்சி தலையில் போட நினைக்காதீர்கள், அவர்களாகத் தந்தால் வேறு. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 3 இலட்சத்து 76 ஆயிரம், அவர்கள் இருவருக்கும் தலா 2 இலட்சத்து 15 ஆயிரம் வரும். முதல் நாள் காலைக்கான அந்த 80,000 இல் அம்மாவின் அறைக்கான பாதியை மூவரும் பிரித்துக்கொள்ளுங்கள், மீதி உங்களுடையது. இந்தத் தொகைகளை இப்போதே சொல்லி, விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரே கணக்கில் போட வையுங்கள்.

இன்னொன்று, ஹோட்டலில் நுழையும்போது அறைக்கு 100 டாலர் போல பாதுகாப்புப் பணமாக அட்டையில் பிடித்து வைப்பார்கள். ஐந்து அறைக்கும் ஒரே அட்டையை நீட்டினால் 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய் முடங்கிவிடும். டெபிட் கார்டில் பிடித்தால் திரும்ப நாட்கள் எடுக்கும். தம்பியின் கடனட்டையை அதற்குக் கொண்டு வரச் சொல்லுங்கள்.