துருப்பிடித்த 1969 கமாரோ இசட்/28 காரின் வின் (வண்டி அடையாள எண்) தகட்டை இன்னொரு பாடிக்கு மாற்றலாமா? "எல்லோரும் செய்வதுதான்" என்கிறார்களே ஒர்க்ஷாப்பில்?

கூடாது. துருப்பிடித்த இசட்/28-இன் (கமாரோவின் உயர்திறன் வகை) வின் தகட்டைக் கழற்றி, நல்ல நிலையில் உள்ள சாதாரண கமாரோவில் பொருத்தினால் அது பழுதுபார்ப்பு அல்ல. அந்த இன்னொரு வண்டியின் அடையாளத்தையே அழிப்பது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் (தலைப்பு 18, பிரிவு 511) இதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு.

"எல்லோரும் செய்வதுதான்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதற்குக் காரணம், அநேகமாக அதே பிரிவில் உள்ள விலக்கு. பழுதுபார்க்க நியாயமாகத் தேவைப்பட்டால் தகட்டைக் கழற்றலாம் என்கிறது அது. உங்கள் வண்டியிலேயே திரும்பப் பொருத்தத்தான் அந்த அனுமதி.

வாங்க நினைக்கும் பாடியில் ஒன்றைப் பாருங்கள். டாஷ்போர்டில் தெரியும் வின் தகடு மட்டும் போதாது. ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலிலும் (எஞ்சினையும் உள்பகுதியையும் பிரிக்கும் சுவர்), முன் கண்ணாடிக்கு முன்னுள்ள கவுல் தகட்டுக்கு அடியிலும் வின்னின் ஒரு பகுதி குத்தப்பட்டிருக்கும். அது தகட்டோடு பொருந்தாவிட்டால், அல்லது அரைத்த தடம் இருந்தால், பணம் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்.

தகட்டை மாற்றாமல் உங்கள் வண்டியையே சரிசெய்யலாம். தரை, குவார்ட்டர் பேனல் (பின்சக்கரத்தைச் சுற்றிய பக்கப் பகுதி), டிரங்க் எல்லாம் புதிய தகடாக வெட்டி ஒட்டலாம். கவுலும் ஃபயர்வாலும் பழையதாகவே இருக்கட்டும். செலவு கூடத்தான். ஆனால் விற்கும்போது எதையும் மறைக்க வேண்டாம். மறைத்து விற்றால் வாங்குபவரை ஏமாற்றுவதுதான், சட்டம் எப்படி இருந்தாலும்.

டைனகார்ன் போன்ற நிறுவனங்கள் செய்யும் புது மறுதயாரிப்பு பாடி என்றால் கதை வேறு. எப்படிப் பதிவு செய்வது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெட்டும் முன்பே உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.