கோலாலம்பூரில் மூன்றேகால் மணி நேரம்: தனித்தனி டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவும் (71) அம்மாவும் (66) மெல்போர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து மெல்போர்ன் போய்வர மலேசியா ஏர்லைன்ஸில் சலுகை விலையில் அக்கா டிக்கெட் எடுத்துவிட்டார். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் ஏர்ஏசியாவில் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். அது வெள்ளிக்கிழமை காலை 5.30க்கு இறங்குகிறது, மெல்போர்ன் விமானம் 8.45க்குக் கிளம்புகிறது. "ஒரே ஏர்போர்ட்தான், மூணு மணி நேரம் தாராளம், பெட்டி நேரா மெல்போர்ன் போயிடும்" என்கிறார். நம்பி எடுக்கலாமா? - தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேண்டாம். அந்த விமானத்தில் எடுக்காதீர்கள். வியாழக்கிழமையே கோலாலம்பூரில் இருக்கும்படி, ஒரு நாள் முன்னதாக எடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், ஏஜென்டிடம் பேச உங்களுக்கு உதவும்.

திருச்சியிலிருந்து மெல்போர்ன் வரை ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி மெல்போர்னில் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. கூடுதல் பணம் கேட்க மாட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் கதை வேறு. ஏர்ஏசியாவின் வேலை கோலாலம்பூரில் இறக்கிவிடுவதோடு முடிந்தது. மலேசியா ஏர்லைன்ஸுக்கோ உங்கள் பெற்றோர் எங்கிருந்து வருகிறார்கள் என்பதே தெரியாது. அவர்கள் கணக்கில் இரண்டு பயணிகள் கவுன்ட்டருக்கு வரவில்லை, அவ்வளவுதான். இதை நோ-ஷோ என்று பதிவு செய்வார்கள். அக்கா எடுத்திருப்பது போய்வரும் டிக்கெட். போகும் பயணத்தில் நோ-ஷோ ஆனால், திரும்பி வரும் பயணமும் வழக்கமாக ரத்தாகிவிடும். சலுகை டிக்கெட்டில் கையில் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் விமான நிலைய வரி மட்டும்தான். பிறகு அன்றைய விலையில் இரண்டு பேருக்கும் புதிதாக எடுக்க வேண்டும். ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

நம் ரயில்வேயில்கூட 2019 முதல் இரண்டு பி.என்.ஆர்.களை இணைத்துக்கொள்ள வழி இருக்கிறது. முதல் ரயில் தாமதமாகி அடுத்ததை விட்டால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்ப வரும். விமானத்தில் பல மடங்கு பணம் கொடுப்பவருக்கு அந்த அளவு பாதுகாப்புகூட இல்லை. "இவை இரண்டும் தனி டிக்கெட்டுகள், ஒன்று தவறினால் இன்னொன்றுக்கு யாரும் பொறுப்பில்லை" என்று முதல் பக்கத்திலேயே தமிழில் ஒரு வரி அச்சிட வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வெப்சைட்டுகளில் "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" (விமானம் மாறுவது உங்கள் பொறுப்பு) என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, எல்லாம் சொல்லிவிட்டோம் என்று கை கழுவிவிடுகிறார்கள்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். சர்வதேச விமானத்துக்கு வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதாவது 7.45. ஆக உங்களிடம் இருப்பது மூன்றேகால் மணி நேரம் இல்லை, இரண்டேகால்தான். பெட்டி நேராக மெல்போர்ன் போகாது. இப்படித் தனியாக எடுக்கும் ஏர்ஏசியா டிக்கெட்டில் பெட்டியைக் கோலாலம்பூர் வரைக்கும்தான் டேக் போடுவார்கள். ஆகவே பெற்றோர் மலேசியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். இமிக்ரேஷன் வரிசை, பெட்டிக்காக பெல்ட் அருகே காத்திருப்பு, அப்புறம் கஸ்டம்ஸ். ஏர்ஏசியா இறங்குவது டெர்மினல் 2, மலேசியா ஏர்லைன்ஸ் கிளம்புவது டெர்மினல் 1. இடையில் சுமார் 2 கிலோமீட்டர். ரயிலில் மூன்று நிமிடம்தான், ஆனால் தள்ளுவண்டியோடு பிளாட்பாரம் கண்டுபிடித்து, டிக்கெட் வாங்கி, மறுபக்கம் மேலே ஏறிக் கவுன்ட்டர் தேட அரை மணி நேரமாவது பிடிக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 7.15க்குப் போய்ச் சேரலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் முடிந்தது. அந்தத் தாமதமும் அபூர்வம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வரும் அதே விமானம்தான் திருச்சியில் ஆட்களை இறக்கி, ஏற்றி, உடனே திரும்புகிறது. அங்கே தாமதமாகக் கிளம்பினால் இங்கேயும் தாமதம்தான்.

உங்கள் பெற்றோருக்கு வீல்சேர் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதல் நிறுவனம் கொடுக்கும் வீல்சேர் டெர்மினல் 2 வாசலோடு நின்றுவிடும். இரண்டாவது நிறுவனத்துடையது டெர்மினல் 1 கவுன்ட்டரில்தான் தொடங்கும். நடுவில் வரும் ரயில், லிஃப்ட், பெட்டி எல்லாவற்றையும் 71 வயதுக்காரர் தானே சமாளிக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் இந்த இடைவெளி வராது.

இப்போது ஏஜென்ட் விஷயம். எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தந்திரம் திரும்பத் திரும்ப நடக்கிறது. இரண்டு டிக்கெட்டையும் தங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரே தாளில் வரிசையாக அச்சடித்து, மேலே ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் போட்டுக் கொடுப்பார்கள். பார்ப்பவருக்கு ஒரே டிக்கெட் போலத் தெரியும். அந்த நம்பர் ஏஜென்ட் கடையின் நம்பர், எந்த விமான நிறுவனத்துக்கும் அது தெரியாது. ஒவ்வொரு புக்கிங்குக்கும் சர்வீஸ் சார்ஜ் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். "கனெக்‌ஷன் கேரன்டி" என்று சில வெப்சைட்டுகள் கூடுதல் பணம் வாங்கும். அது அந்த வெப்சைட்டின் வாக்குறுதி, விமான நிறுவனத்தின் வாக்குறுதி இல்லை. விடியற்காலை ஆறு மணிக்கு கோலாலம்பூரில் நிற்கும்போது யாருக்கு போன் செய்வீர்கள்? பயண இன்சூரன்ஸிலும் இணைப்பு தவறியதற்குப் பணம் தர ஆயிரம் நிபந்தனை இருக்கும். படித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இரண்டு நிறுவனம் என்றாலே ஆபத்து என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அடுத்த முறைக்கு உதவும் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் திருச்சி–மெல்போர்ன் என்று எடுத்தால், திருச்சி–சிங்கப்பூர் வரை பறப்பது அதன் துணை நிறுவனமான ஸ்கூட்டாக இருக்கலாம். விமானம் வேறு, பெயர் வேறு, சில நேரம் ஆறு எழுத்து பி.என்.ஆர். கூட ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறாக இருக்கும். பயப்பட வேண்டாம், டிக்கெட் ஒன்றுதான். எப்படித் தெரிந்துகொள்வது? இ-டிக்கெட்டில் 13 இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தைக் குறிக்கும்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, மலேசியா ஏர்லைன்ஸுக்கு 232, ஸ்ரீலங்கனுக்கு 603. ஒருவர் பெயரில் இரண்டு விமானத்துக்கும் அதே 13 இலக்க எண் இருந்தால் அது ஒரே டிக்கெட். எண் வேறாக இருந்தாலோ, ஒன்றுக்கு எண்ணே இல்லாமல் பி.என்.ஆர். மட்டும் இருந்தாலோ, தனித்தனி டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன்பே "ரெண்டுக்கும் ஒரே டிக்கெட் நம்பர் வருமா?" என்று ஏஜென்டிடம் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் கிளம்பிவிடுங்கள். கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனில் ஒரே டிக்கெட்டாகப் போவதும் திருச்சிக்காரர்களுக்கு நல்ல வழி.

மெல்போர்ன் டிக்கெட் எடுத்தாகிவிட்டதால் இப்போது செய்ய வேண்டியது இதுதான். புதன்கிழமை இரவு திருச்சியில் கிளம்பி வியாழன் காலை இறங்கும் விமானத்தில் எடுங்கள். "முந்தின நாள் விமானம்" என்று மட்டும் சொன்னால் வியாழன் இரவு கிளம்புவதைப் போட்டுவிடுவார்கள், தேதியைச் சரிபாருங்கள். டெர்மினல் 2 பக்கத்தில் டியூன் ஹோட்டல் இருக்கிறது, டெர்மினல் 1 பக்கத்தில் சமா-சமா. ஒரு இரவு வாடகை, இரண்டு மெல்போர்ன் டிக்கெட்டை இழப்பதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா விலக்கு தருகிறது. காலக்கெடு வைத்து நீட்டிக்கும் சலுகை என்பதால் பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை மலேசிய இமிக்ரேஷன் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்கென்று ஏஜென்ட் ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். மெல்போர்ன் டிக்கெட்டையும் ஆஸ்திரேலிய விசாவையும் காகிதத்தில் அச்சடித்து அப்பா கையில் கொடுங்கள். திருச்சி கவுன்ட்டரில் கேட்பார்கள்.

திரும்பி வரும்போது இவ்வளவு கவலை தேவையில்லை. தவறினால் போவது திருச்சி டிக்கெட் மட்டும்தான், மெல்போர்ன் பயணம் முடிந்துவிட்டிருக்கும். ஆனாலும் வயதானவர்கள் என்பதால் ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வீல்சேரை இரண்டு நிறுவனத்திடமும், போக ஒரு முறை, வர ஒரு முறை என்று தனித்தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.