பத்து மாதக் கணக்கு எங்கே தொடங்குகிறது?

கேள்வி: என் கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. ஒன்றரை வருடம் கழித்து லீவில் வந்தார். வந்த 27-ஆம் நாள் காரைக்குடியில் ஸ்கேன் எடுத்தோம், 5 வாரம் 5 நாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். துடிப்பு இன்னும் தெரியவில்லையாம், பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கணவரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். நான் தூரமாகி 13 நாள் கழித்துத்தான் அவர் வந்து இறங்கினார். நான் ஒரு தப்பும் செய்யவில்லை டாக்டர்.
- பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: தங்கச்சி, மற்ற கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். 13-ஐயும் 27-ஐயும் கூட்டுங்கள், 40 நாள், அதாவது 5 வாரம் 5 நாள். உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

கரு உண்டான நாளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தூரமான நாள் பெண்ணுக்குத் தெரியும், அதனால் கடைசித் தூரத்தின் முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் வாரம் எண்ணுகிறோம், ஸ்கேன் மெஷினும் கருவின் அளவை வைத்துக் கிடைக்கும் வயதோடு, கரு உண்டாவதற்கு முந்தைய இரண்டு வாரத்தையும் சேர்த்தே அச்சடிக்கும். அந்த முதல் இரண்டு வாரத்தில் வயிற்றில் கருவே கிடையாது. முட்டை வெளியே வருவதே ஏறக்குறைய 14-ஆம் நாள்தான். வந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள், ஆணின் உயிரணு மட்டும் உள்ளே ஐந்து நாள் வரை காத்திருக்கும். கோடிக்கணக்கில் கிளம்பினாலும் கருக்குழாய்க்குள் முட்டையின் பக்கத்தில் போய்ச் சேருவது சில நூறுதான், அதில் ஒன்று உள்ளே நுழைந்த உடனே முட்டையின் மேலுறை மாறி மற்றவற்றுக்கு வழி அடைபட்டுவிடும். பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற இழைகளான குரோமோசோம்கள் அப்பாவின் 23-ம் அம்மாவின் 23-ம் சேர்ந்து 46. அப்புறம் அது இரண்டாகி, நான்காகி, மூன்றாம் நாள் எட்டு செல் ஆகும், ஆனால் அளவு கூடாது, அதே உறைக்குள்தான் பிரிந்துகொண்டே உருண்டு கருப்பைக்கு வரும். ஐந்தாறு நாளில் உறையை உடைத்துக்கொண்டு வந்து கருப்பைச் சுவரில் ஒட்டிப் பதிய ஆரம்பிக்கும். பதிந்த பிறகு சுரக்கிற ஹார்மோனைத்தான் சிறுநீர் டெஸ்ட் அட்டை காட்டுகிறது. அதாவது அவர் வந்து ஒரு வாரம் வரை உங்கள் உடம்புக்கே விஷயம் தெரிந்திருக்காது!

துடிப்புக்கும் பயப்படாதீர்கள். கரு உண்டாகி 22 நாள் வாக்கில்தான் இதயம் அசையத் தொடங்கும், ஸ்கேனில் அது பெரும்பாலும் ஆறு, ஏழு வாரத்தில்தான் பிடிபடும். சொன்ன நாளில் போய்ப் பாருங்கள்.

மாமியாரிடம் இதைக் கேளுங்கள்: "பத்து மாதம் சுமந்தேன்" என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கு எப்படி? 28 நாள் ஒரு மாதம் என்றால் பத்து மாதம் 280 நாள். அது கடைசித் தூரத்திலிருந்து எண்ணுவது. கரு உண்டானதிலிருந்து பார்த்தால் 266 நாள்தான். ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் "குளித்து எத்தனை நாள்" என்றுதானே பெரியவர்கள் கேட்பார்கள்? அதே கணக்குதான். இந்தப் பக்கத்தை உங்கள் கணவரே அம்மாவுக்குப் படித்துக் காட்டட்டும். அது அவர் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: மகளுக்கு இரண்டும் பெண். சம்பந்தி வீட்டில் அவளைக் குறை சொல்கிறார்கள். மூன்றாவது உண்டாகியிருக்கிறது, இரண்டாம் மாதம். ஆண் பிள்ளைக்கு லேகியம் வாங்கித் தந்திருக்கிறார்கள், கொடுக்கலாமா?
- ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: கொடுக்கவே கூடாது, ஆச்சி. முட்டையில் இருப்பது எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். உயிரணு எக்ஸ் கொண்டுவந்தால் பெண், ஒய் கொண்டுவந்தால் ஆண். அது சேர்ந்த அந்த நொடியிலேயே முடிந்த விஷயம், இரண்டாம் மாதத்தில் எந்த லேகியமும் அதை மாற்றாது, கை கால் உருவாகிற நேரத்தில் என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத மருந்து பிள்ளைக்கு ஆபத்து. குறை சொல்வதென்றால் மாப்பிள்ளையைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் எந்த உயிரணு முந்துகிறது என்பது அவர் கையிலும் இல்லை. ஸ்கேனில் என்ன குழந்தை என்று கேட்கவும் வேண்டாம், சொல்வது 1994 சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, இதை எழுதும்போது எனக்கே சிலிர்க்கிறது. ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. உங்கள் மகளைச் சுமந்தபோதே அந்த இரண்டு பேத்திகளுக்கான முட்டைகளையும் சேர்த்துத்தான் சுமந்திருக்கிறீர்கள். அந்த ஆயா வயிற்றுப் பிள்ளைகளைக் குறையென்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: தை மாதம் கல்யாணம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை உண்டான பிறகு போட்டால் போதாதா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: போதாது. மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் சரியாக மூடத்தான் இந்த வைட்டமின் மாத்திரை, அந்தக் குழாயோ கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும், அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், பலருக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். ஆகவே பிள்ளைக்கு முயற்சி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள். வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவர் என்றால் உங்களுக்கு அளவு கூடும், அதை நேரில் கேட்டுத்தான் போட வேண்டும்.